சிங்கப்பூரில் செய்த ஜெர்மன் கேமரா



போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பத்தைந்து வயது. வெளிநாட்டில் ஒரு கேமரா கம்பெனியின் கிளையில், பழுது பார்க்கும் பிரிவில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறான்.

"டீச்சர், எங்க கிளையை மூடுறாங்களாம். மூணு மாசம் டைம் கொடுத்திருக்காங்க. போன வருஷம்தான் நல்லா வேலை பார்த்தோம்னு எங்க பிரிவுக்குக் கேடயம் கொடுத்தாங்க. நாங்க என்ன டீச்சர் தப்பு பண்ணினோம்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. "நீ தப்பு எதுவும் பண்ணலப்பா, விவரமா எழுதுறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். அவன் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆனால் பதிலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியின் ஏதோ ஒரு கிளையில்தானே இருக்கிறீர்கள்!

என் பழைய மாணவர்களுக்கு என் சின்னக் கேமரா நினைவிருக்கும். சுற்றுலாவுக்குப் போனால் கைப்பையிலிருந்து எடுப்பேனே, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு கேமரா. லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஃபிலிமைச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகாது. தூரத்தை நாமே குத்துமதிப்பாகக் கணக்கிட்டு வைக்க வேண்டும். தஞ்சாவூர் பெரிய கோயிலில் உங்களை நிற்க வைத்துவிட்டு நான் காலடியால் அளந்துகொண்டே பின்னால் போவேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

அது 1979-ல் என் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருந்த காலம். மாமா துறைமுகத்தில் வேலை பார்த்தார். "ஜெர்மன் கேமராடி, பத்திரமா வச்சுக்க" என்றார். நான் திருப்பிப் பார்த்தேன். 'ரோலை சிங்கப்பூர்' செய்தது என்று பொறித்திருந்தது. "என்ன மாமா, சிங்கப்பூர்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "கம்பெனி ஜெர்மனி, கை நம்ம ஊரு" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குச் சிங்கப்பூரும் நம்ம ஊர்தான்.

இரண்டே வருஷத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அப்போது எனக்கு அதன் காரணம் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேமராவின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். மாணவன் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்று ஓர் ஊர். அங்கே ஃபோய்க்ட்லேண்டர் என்ற பழைய கேமரா கம்பெனியில் வேலை பார்த்த பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடேக்கே என்ற இருவர் 1920-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். 1929-ல் அவர்கள் கொண்டுவந்தது ரோலைஃப்ளெக்ஸ். மேலே ஒரு கண், கீழே ஒரு கண், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்க்கிற பெட்டி. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீட்டுக்கும் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவுக்கும் கொண்டுவந்த யாஷிகா பெட்டியும் அதே வழியில் வந்ததுதான். ரோலைஃப்ளெக்ஸின் அமைப்பைப் பார்த்து ஜப்பான்காரர்கள் குறைந்த விலையில் செய்தார்கள். ரோலைக்கு முதல் நெருக்கடி அங்கேயே தொடங்கிவிட்டது.

ஃபிராங்கே 1950-லும் ஹைடேக்கே 1960-லும் காலமானார்கள். 1964-ல் ஹைன்ரிஷ் பீசல் என்ற இயற்பியல் படித்த மனிதர் பொறுப்புக்கு வந்தார். ஒரே மாதிரிப் பெட்டியை நம்பி இனிமேல் பிழைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. ஹைன்ஸ் வாஸ்கே என்ற வடிவமைப்பாளர் ஒரு குட்டிக் கேமராவைத் தானாகவே வரைந்து வைத்திருந்தார். அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனி கேமரா செய்வதையே நிறுத்தியிருந்தது. ரோலை அதை எடுத்துக்கொண்டது. 1966-ல் கொலோன் நகரக் கண்காட்சியில் 'ரோலை 35' வெளிவந்தது. அதுதான் மாமா கொடுத்த கேமராவின் மூத்த அக்கா.

கேமரா அருமை, விலைதான் உயரம். காரணம் கூலி. அந்தக் காலத்துக் கேமரா என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உருப்படிகளைக் கையால் கோத்துச் செய்வது. இயந்திரத்தைவிட மனுஷக் கைக்குத்தான் அதிகச் செலவு. அப்போது மேற்கு ஜெர்மனியில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. 1961 முதல் துருக்கியிலிருந்து ஒப்பந்தம் போட்டு ஆட்களை அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். கூலி வருஷா வருஷம் ஏறியது. அதோடு மார்க் நாணயத்தின் மதிப்பும் ஏறியது. 1960-களில் ஒரு டாலருக்கு 4 மார்க் இருந்தது. 1970-களின் கடைசியில் 2 மார்க்குக்கும் கீழே வந்துவிட்டது. நாணயம் பலமாவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஏற்றுமதி செய்கிறவனுக்கு அது நல்லதல்ல. அமெரிக்காவில் அதே நூறு டாலருக்கு விற்றால் முன்பு கையில் 400 மார்க் வரும், பிறகு 200 கூட வராது. ஆனால் பிரவுன்ஷ்வைக்கில் சம்பளத்தை மார்க்கில்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கம் சிங்கப்பூரின் நிலைமையைப் பாருங்கள். 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்த, சுமார் 20 லட்சம் மக்கள் கொண்ட தீவு. 1968-ல் பிரிட்டிஷ் அரசு தன் ராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. 1971-ல் பெரும்படை கிளம்பிவிட்டது. தளங்களை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அவ்வளவு பேருக்கும் வேலை வேண்டும். 1961-ல் தொடங்கிய பொருளாதார வளர்ச்சிக் கழகம் உலகமெங்கும் போய்க் கம்பெனிகளை அழைத்தது. கூலி குறைவு, துறைமுகம் உண்டு, ஆட்கள் கற்றுக்கொள்ளத் தயார் என்றது.

அழைத்தவருக்கு வேலை வேண்டும், வந்தவருக்குக் கூலி குறைய வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் ரோலை அங்கே பெரிய தொழிற்சாலை அமைத்தது. கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் என்று ஒவ்வொன்றாக அங்கே நகர்ந்தன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. வெறும் கோக்கிற வேலை மட்டுமல்ல. 1973-ல் அரசோடு சேர்ந்து ரோலை ஒரு தொழிற்பயிற்சி மையமும் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் அதே மாதிரி மையத்தை அங்கே அரசோடு சேர்ந்து தொடங்கியது யார் தெரியுமா? நம் நாட்டு டாடா! 1975-ல் பிலிப்ஸ் வந்தது. லென்ஸ் தேய்ப்பது, அச்சு வார்ப்பது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கவனித்துக் கடைவது எல்லாம் சிங்கப்பூர் இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு ஏன் மூடினார்கள்?

இதற்கு நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக் கணக்கு போதும். நூறு பிள்ளைகள் சாப்பிட்டாலும் முப்பது பிள்ளைகள் சாப்பிட்டாலும் அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், அடுப்பு ஒன்று, கூடம் ஒன்று. அரிசியும் பருப்பும் தலைக்கு ஏற்பக் குறையும், கூடத்துச் செலவு குறையாது. தொழிற்சாலையும் அப்படித்தான். ஒரு பேச்சுக்கு, மாதம் பத்து லட்சம் ரூபாய் வாடகை, இயந்திரக் கடன், மேலாளர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கேமரா செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரம் ரூபாய் விழும். நானூறுதான் செய்தால் 2,500 ரூபாய் விழும். அந்த நானூறையும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் கணக்கு மாறாது. கேமரா விற்கவில்லை என்பதால் விலையையும் ஏற்ற முடியாது.

ரோலை சிங்கப்பூரில் கட்டியது, விற்றதைவிட மிக அதிகமாகச் செய்யக்கூடிய தொழிற்சாலை. ஓடாத இயந்திரத்துக்கு வேலை கொடுப்பதற்காகப் புதுப்புது மாடல்களைக் கொண்டுவந்தார்கள். விற்காத சரக்கு கிடங்கில் நின்றது. கிடங்கில் நிற்கிற சரக்கு என்பது வட்டிக்கு வாங்கிய பணம் தூங்குவது. 1973-ல் எண்ணெய் விலை எகிறி உலகமே கையைச் சுருக்கியது. 1974-ல் பீசல் விலகினார். கடன் கொடுத்த வங்கிகளே கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது.

அதைவிடப் பெரிய அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1976-ல் ஜப்பானின் கேனன் ஏஇ-1 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. உள்ளே மைக்ரோபிராசசர். உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கோக்கும் வேலையில் பெரும்பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த வருஷம் கோனிகா, தூரத்தைத் தானே கண்டுபிடிக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. காலடியால் அளக்கிற வேலையே இல்லை! ரோலை கூலி குறைந்த கையைத் தேடிக் கடல் கடந்தது. ஜப்பானோ கையின் தேவையையே குறைத்துவிட்டது. ரோலை சறுக்கியதில் முக்கியமான இடம் இது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரும் சும்மா நிற்கவில்லை. 1979-லிருந்து அந்த அரசே திட்டமிட்டுக் கூலியை உயர்த்தியது. குறைந்த கூலி வேலைகள் போதும், உயர்ந்த தொழில்கள் வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். எந்தக் காரணத்துக்காக ரோலை அங்கே போனதோ, அந்தக் காரணமும் தேயத் தொடங்கியது.

1981-ல் பிரவுன்ஷ்வைக்கில் ரோலை திவாலானது. சிங்கப்பூர் தொழிற்சாலை மூடப்பட்டது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஜெர்மனியில் சின்ன அளவில் ரோலை மறுபடி முளைத்தது. 1982-ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் எடுத்துக்கொண்டது, 1995-ல் சாம்சங் வாங்கிச் சில வருஷம் வைத்திருந்தது. விலை உயர்ந்த பெரிய கேமராக்கள் பிரவுன்ஷ்வைக்கில் தொடர்ந்து பிறந்தன. சிங்கப்பூர் தொழிற்சாலை மறுபடி திறக்கவே இல்லை.

ஏன் வெளிநாட்டுக் கிளைக்கு இந்தக் கதி? எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலாவது, வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான், அது தாய்க் கம்பெனி. தாய் வாங்குவதை நிறுத்தினால் வேறு யாருக்கும் விற்க முடியாது. லென்ஸ் தேய்க்கத் தெரியும், கடை கிடையாது, பெயரும் சொந்தமில்லை.

இரண்டாவது, கிளைகளில் ஒரே வேலை பல இடத்தில் நடக்கும். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கிடங்கு, ஒரு கணக்கர், ஒரு விளம்பரப் பிரிவு, ஒரு பழுது பார்க்கும் பிரிவு. வியாபாரம் பெருகும்போது அது பலம். சுருங்கும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான். பக்கத்து நாட்டுக் கிளையோடு சேர்த்துவிடலாமே என்பார்கள், அல்லது விற்பனையை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் விட்டுவிடலாம் என்பார்கள்.

மூன்றாவது, வெளிநாட்டுக்குப் போன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், செலவு குறையும் என்பது. அந்த ஊர்க் கூலியோ நாணயமோ மாறினால் காரணம் போய்விடும்.

நான்காவது, தலைமையகத்தின் ஊரில் தொழிற்சங்கம் இருக்கும், அரசு இருக்கும், கடன் கொடுத்த வங்கி இருக்கும், பேரப்பிள்ளைகளோடு நடந்து போகும் பழைய தொழிலாளி இருப்பார். முடிவெடுப்பவர் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். தூரத்துக் கிளை ஒரு தாளில் ஒரு வரிதான். வரியை அடிப்பது எளிது.

ரோலை ஒன்றின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோலையை வீழ்த்திய ஜப்பானுக்கே அதே கணக்கு வந்தது. 1985-ல் ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, மூன்றே வருஷத்தில் 130 யென்னுக்கும் கீழே வந்தது. மார்க்குக்கு நடந்ததேதான். ஜப்பான் கம்பெனிகளும் வெளியே போயின. நிகான் 1990-ல் தாய்லாந்துக்குப் போனது. ஒலிம்பஸ் 1991-ல் சீனாவின் ஷென்சென்னுக்குப் போனது. 2002-ல் நிகான் சீனாவின் வூஷி நகரத்தில் இன்னொரு நிறுவனம் தொடங்கியது. அங்கே சின்ன டிஜிட்டல் கேமராக்கள் செய்தார்கள்.

2010-ல் ஜப்பான் கம்பெனிகள் உலகத்துக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அப்போதே உங்கள் கையில் ஸ்மார்ட்போன் வரத் தொடங்கியிருந்தது. 2017-ல் அந்த எண்ணிக்கை சுமார் இரண்டரைக் கோடி. 2020-ல் 90 லட்சம் கூட இல்லை. நூறு பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் வூஷி தொழிற்சாலையை நிறுத்துவதாக நிகான் அறிவித்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வேலை போனது. ஸ்மார்ட்போன் வந்து சின்னக் கேமரா சந்தை சுருங்கிவிட்டது என்று காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். 2018-ல் ஒலிம்பஸ் ஷென்சென்னை மூடி உற்பத்தியை வியட்நாமில் சேர்த்தது. 2020-ல் தென்கொரியாவில் கேமரா விற்பனையையே நிறுத்தியது. கடைசியில் 2021 ஜனவரியில் கேமராத் தொழிலையே வேறு கைக்கு மாற்றிவிட்டு எண்டோஸ்கோப் போன்ற மருத்துவக் கருவிகளோடு நின்றுகொண்டது. நிகான் தாய்லாந்துத் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு, குறைவான எண்ணிக்கையில் உயர்ந்த விலைக் கேமராக்களோடு இன்னும் நிற்கிறது.

இரண்டு பேரும் செய்தது ஒரே அறுவை சிகிச்சைதான், ஒருவருக்குப் பலித்தது, ஒருவருக்குப் பலிக்கவில்லை. கிளையை மூடுவது மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் ஜனங்கள் வாங்க விரும்புகிற ஒன்றைச் செய்தால்தான் பிழைக்கலாம். செலவைக் குறைப்பதையே மருந்து என்று நினைத்தவர்கள் அடுத்த கிளையையும் மூட வேண்டி வந்தது.

இப்போது என் கதை. இதை உங்களில் சிலருக்குத்தான் தெரியும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் முதலில் சேர்ந்த பள்ளியில் பதினோரு வருஷம் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். சுற்றிலும் குடும்பங்கள் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்ப, பிள்ளைகள் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்தது. ஒரு நாள் ஒரு தாள் வந்தது. நான் 'உபரி ஆசிரியர்'. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அந்த வருஷம் என் வகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. உபரி! அந்தச் சொல் எனக்குள் பல நாள் முள்ளாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று. அந்தத் தம்பி கேட்ட அதே வார்த்தை.

எனக்கு வேறு பள்ளி கிடைத்தது, சம்பளம் நிற்கவில்லை. அவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். தாளில் எண்ணியது தலைகளை. நம் வேலையை யாரும் அதில் எடைபோடவில்லை.

ரோலை போனபிறகு சிங்கப்பூரில் என்ன மிஞ்சியது? கட்டடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பார். துல்லியமாகக் கடையத் தெரிந்த கைகள் நாட்டிலேயே தங்கின. 1982-ல் ஹார்ட் டிஸ்க் செய்கிற சீகேட் அங்கே வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவர்களும் வந்தார்கள். சில வருஷங்களில் உலகத்தின் ஹார்ட் டிஸ்குகளில் பெரும்பகுதி அந்தத் தீவில் உருவானது. மயிரிழைத் துல்லியம் பழகிய ஆட்கள் கிடைக்கும் ஊர் என்பதும் அதற்கு ஒரு காரணம். கம்பெனி கொண்டுவந்த இயந்திரத்தைக் கம்பெனியால் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியும். சொல்லிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போக முடியாது. வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதைவிட ஆறுதலான வரலாறு வேறில்லை.

தம்பி, அதனால் உனக்கு மூன்று விஷயம். அந்த மூன்று மாதத்தில் உனக்குச் சேர வேண்டிய பாக்கி அத்தனையையும் எழுத்தில் கேட்டு வாங்கு, கூச்சப்படாதே. பதினாறு வருஷத்தில் கையில் ஏறிய வேலையை ஒரு தாளில் வரிசையாக எழுது. லென்ஸைப் பிரித்துச் சேர்க்கிற கைக்கு மருத்துவக் கருவிகளிலும் இடமுண்டு, ஒலிம்பஸ் கடைசியில் எங்கே போய் நின்றது என்று மேலே மறுபடி படித்துப் பார். மூன்றாவது, அந்தக் கேடயத்தைப் பரணில் போடாதே. அது பொய் சொல்லவில்லை. மூடுகிற தாளும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். அவனிடம் சேர்த்துவிடுகிறேன்.

மாமா இப்போது இல்லை. கேமரா இருக்கிறது. நேற்று எடுத்துத் துடைத்தேன், ஷட்டர் இன்னும் 'க்ளிக்' என்கிறது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதைக் கோத்தது யாரோ, பெயர் தெரியாது. அவர் வேலையில் குறை சொல்ல இன்றுவரை எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்